சிரிப்புக்குள் ஒரு திருச்சபை வரலாறு

ஒரு நாட்டின் திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர் ஆயர்களின் சுற்றுமடல்களையும், ஆலயப் பதிவேடுகளையும், அரசு ஆவணங்களையும் தேடிச் செல்வர். அது முறையே. ஆயினும் அந்நாட்டு மக்கள் எதை எண்ணிச் சிரித்தார்கள் என்னும் கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. மக்கள் எப்படி வாழவேண்டும் என்று ஆயர் விரும்பினார் என்பதைச் சுற்றுமடல் சொல்லும். மக்கள் தங்களுக்குள் எதை முன்னரே அறிந்து வைத்திருந்தார்கள் என்பதைச் சிரிப்பு சொல்லிவிடும். அறியாத ஒன்றைக் குறித்து எவரும் சிரிப்பதில்லை அன்றோ?

நம் சங்கப் புலவர்கள் உள்ளுறை என்றொரு நெறியைக் கையாண்டனர். மருதநிலத்துப் பொய்கையில் எருமை புகுந்து தாமரையை உழக்குவதைப் பாடுவது போலவே தலைவனின் ஒழுக்கக் குறையைச் சுட்டிவிடுவர். பொய்கையையும் எருமையையும் அறிந்தவனுக்கு அது சட்டென்று புலப்படும். அறியாதவனுக்கு அது வெறும் எருமையாகவே நின்றுவிடும். சொல்லாமல் சொல்லும் இக்குறிப்பு, சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் பொதுவான நினைவு ஒன்று இருந்தால்தான் உயிர்பெறும். எனவே ஒரு சமூகத்தின் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், அதன் பொது நினைவையே தொகுத்தவர்கள் ஆவோம்.

இக்கண்ணோட்டத்தோடு ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை ஈண்டு ஆராய விழைகிறோம். அதன் பெயர் 'ஃபாதர் டெட்'. அயர்லாந்துக் குருக்கள் மூவரைப் பற்றிய கதை. கிரஹாம் லைனஹன், ஆர்தர் மேத்யூஸ் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் இருவர் எழுத, பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி 1995 ஏப்ரல் 21 முதல் 1998 மே 1 வரை மூன்று பருவங்களாக அதனை ஒளிபரப்பியது. மொத்தம் 25 பகுதிகளே. அந்தச் சிறு தொடர், நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கத்தின் கோட்டை எனப் போற்றப்பட்ட ஒரு நாட்டின் மிகக் கடினமான பத்தாண்டுகளின் சான்றாக நிற்கிறது.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1842இல் அங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபை அருட்சகோதரியர் தொடங்கிய கல்விப்பணி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மறைபரப்பாளர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்த நாடு அது. அங்கு நேர்ந்ததை நாம் அறிந்துகொள்வது கடமை.

தொடர் பிறந்த மண்

1979 செப்டம்பர் இறுதியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அயர்லாந்து சென்றபோது, டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் அவர் நிறைவேற்றிய திருப்பலியில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். அந்நாட்டின் மக்கள்தொகையே அன்று முப்பத்து நான்கு லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. 1970களின் முற்பகுதியில் எடுத்த கணிப்பின்படி, கத்தோலிக்கருள் பத்தில் ஒன்பது பேர் ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர்கள்.

இத்தகைய நாட்டில் 1992 மே மாதம் ஓர் இடி விழுந்தது. கால்வே மறைமாவட்ட ஆயர் எமன் கேசி, மக்களின் பேரன்பைப் பெற்றவர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கலகலப்பாகப் பேசுபவர். 1979இல் கால்வேயில் திருத்தந்தையின் வருகைக்காகக் காத்திருந்த இளைஞர் கூட்டத்தை உற்சாகப்படுத்தியவர். அவருக்கு 1974இல் பிறந்த மகன் ஒருவன் அமெரிக்காவில் இருப்பதும், அக்குடும்பத்தின் பொருட்டு மறைமாவட்ட நிதியிலிருந்து சுமார் 70,000 பவுண்டு எடுக்கப்பட்டதும் வெளியாயின. நண்பர்கள் உதவியுடன் பணம் திருப்பிக் கட்டப்பட்டது. ஆயர் பதவி விலகி, நாட்டை விட்டு வெளியேறினார்.

1994இல் பிரெண்டன் ஸ்மித் என்னும் துறவறக் குரு, சிறார்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய குற்றத்திற்காகத் தண்டனை பெற்றார். அவரைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு வட அயர்லாந்து அதிகாரிகள் விடுத்த கோரிக்கை டப்ளினில் கிடப்பில் போடப்பட்ட விவகாரம், அந்த நவம்பரில் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸின் அரசையே கவிழ்த்தது. ஐந்து மாதங்கள் கழித்து 'ஃபாதர் டெட்' தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பரில் மணமுறிவை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 9,000 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பழைய அயர்லாந்தும் புதிய அயர்லாந்தும் சரிபாதியாகப் பிரிந்து நின்ற வேளையில்தான் இத்தொடர் சிரிப்பை விதைத்தது.

புனிதர்களின் தீவும் தண்டனைத் தீவும்

கதை நிகழுமிடம் கிராகி தீவு. அது கற்பனைத் தீவு. ஆனால் தொடக்கக் காட்சியில் வானிலிருந்து நாம் காணும் பாறைக் கரையும், அதன்மேல் துருப்பிடித்துக் கிடக்கும் கப்பலும் உண்மையானவை. 1960இல் புயலில் சிக்கி, அரன் தீவுகளுள் ஒன்றான இனிஷீரில் கரைதட்டிய 'பிளாசி' என்னும் சரக்குக் கப்பல் அது.

அரன் தீவுகள் என்றதும் ஐரிஷ் மக்களின் உள்ளத்தில் இரு நினைவுகள் எழும். ஒன்று, ஆறாம் நூற்றாண்டுக்கு முன்பின்னாகப் புனித எண்டா அங்கு நிறுவிய துறவு மடம். பண்டை ஐரிஷ் துறவியர் கிறிஸ்துவின் பொருட்டுத் தாய்மண்ணைத் துறந்து தீவுகளுக்குச் செல்வதை ஒருவகை மறைசாட்சியமாகவே கருதினர். 563இல் அயோனா தீவுக்குச் சென்ற புனித கொலும்பாவும் அவ்வழி வந்தவரே. மற்றொன்று, 1907இல் நாடகாசிரியர் சிங் அத்தீவுகளைப் பற்றி எழுதிய நூலும் அதன் பின்வந்த இலக்கியமும் வளர்த்த எண்ணம்: கலப்படமற்ற ஐரிஷ் ஆன்மா அந்தப் பாறைகளில்தான் வாழ்கிறது என்பது.

தொடரின் எழுத்தாளர்கள் இவ்விரு நினைவுகளையும் தலைகீழாக்கினர். டெட், டூகல், ஜாக் என்னும் மூன்று குருக்களும் கிராகி தீவைத் தாமாகத் தேடிச் சென்றவர்கள் அல்லர். ஆயரால் அனுப்பப்பட்டவர்கள். டெட் மீதான பழி, நோயுற்ற ஒரு குழந்தையை லூர்து நகருக்கு அழைத்துச் செல்லத் திரட்டிய பணம் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது பற்றியது. அப்பணம் அங்குச் சற்றே ஓய்வெடுத்துக் கொண்டிருந்தது என்பதே அவர் எப்போதும் சொல்லும் விளக்கம். இச்சொல் பின்னர் அயர்லாந்தில் நிதி முறைகேடு பற்றிய பேச்சுகளில் பழமொழி போல் வழங்கலாயிற்று. டூகலின் பிழை ஓர் ஊரின் பெயரால் மட்டுமே சுட்டப்படும். ஜாக்கின் பிழை ஒரு திருமணத்தைச் சொல்லி நிறுத்தப்படும். என்ன நடந்தது என்று தொடர் முழுமையாகச் சொல்வதே இல்லை.

இந்தப் பாதிச்சொல்லை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஒரு குரு திடீரென வேறிடத்திற்கு மாற்றப்பட்டால், பங்குமக்கள் காரணத்தை அரைவாயில் பேசி மீதியை விழுங்கிவிடுவர். அந்த மௌனத்தின் சாயலையே எழுத்தாளர்கள் நகைச்சுவையின் உத்தியாக்கினர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பரில் டப்ளின் உயர்மறைமாவட்டம் பற்றிய மர்ஃபி அறிக்கை வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படாமல் இடம் மாற்றப்பட்ட வரலாற்றை அது பக்கம் பக்கமாக எடுத்துரைத்தது. 1995இல் சிரிப்பாக இருந்தது 2009இல் ஆவணமாயிற்று.

செபமும் இலக்கியமும் கலந்த தலைப்புகள்

தொடரின் பகுதித் தலைப்புகளே அந்நாட்டவரின் நினைவுப் பெட்டகத்தைத் திறந்து காட்டுகின்றன. ஒரு தலைப்பு, 1902இல் பெர்சி ஃபிரெஞ்ச் இயற்றிய நகைச்சுவைப் பாடல் ஒன்றின் பெயரைத் திருப்பி அமைத்தது. கிளேர் மாவட்டத்தில் ஒருபோதும் நேரத்துக்கு வந்து சேராத குறுகிய இரயில்பாதையைக் கேலி செய்த பாடல் அது. இன்னொன்று, ஜோ ஆர்ட்டன் 1964இல் அரங்கேற்றிய நாடகத்தின் பெயரைத் தழுவியது. வேறொன்று 1990களின் ராக் இசைக்குழுவான ஒயாசிஸின் பாடலை எடுத்துக்கொண்டு, தவக்காலத்தில் மூன்று குருக்களும் சிகரெட்டையும் மதுவையும் சக்கரக் காலணி விளையாட்டையும் விட்டுவிட முயல்வதைச் சொல்கிறது. தவக்கால ஒறுத்தல் முயற்சி என்றால் என்ன என்று எவருக்கும் விளக்க வேண்டிய தேவை அந்நாட்டில் அன்று இருக்கவில்லை.

முதற்பருவத்தின் இறுதிப்பகுதியோ இறந்தோருக்கான செபத்தையே தலைப்பாகக் கொண்டது. எப்போதும் குடிபோதையிலிருக்கும் முதிய குரு ஜாக் இறந்துவிட்டார் என எண்ணி, மற்ற இருவரும் கல்லறை அறையில் அவர் உடலருகே ஓரிரவு விழித்திருக்கின்றனர். வெளியே பனி பொழிகிறது. டெட் தம் எண்ணங்களை மெல்ல உரைக்கிறார். அப்போது ஐரிஷ் பார்வையாளருக்கு, ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட 'டப்ளினர்கள்' தொகுப்பின் கடைசிக் கதையின் முடிவு நினைவுக்கு வரும். உயிருள்ளோர் மீதும் இறந்தோர் மீதும் ஒன்றுபோல் பனி பொழியும் காட்சி அது. அந்த நினைவு கனிந்து வரும் வேளையில் ஜாக் கண்விழித்து எழுந்துவிடுகிறார். இறுதிச்சடங்குச் செபம், உலக இலக்கியத்தின் ஓர் உச்சம், குடிகாரனின் விழிப்பு ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் மோதுகின்றன. இம்மூன்றையும் அறிந்தவனே முழுமையாகச் சிரிக்க முடியும். ஜாய்ஸ் தம் நாட்டின் குருக்களை எத்துணை கசப்போடு எழுதினார் என்பதை நினைத்தால், இக்காட்சியின் இனிமை நமக்கு வியப்பளிக்கிறது.

ஆயரும் அசையும் சுரூபங்களும்

தொடரில் வரும் ஆயர் பிரெனன் சினமே உருவானவர். அவருக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மகன் உண்டு. கள்ளமறியாத டூகல், அம்மகன் நலமா என்று அவரிடமே கேட்டுவிடுகிறார். 1995இல் இதைக் கேட்ட ஐரிஷ் குடும்பம் எதுவும் யாரைப் பற்றிய குறிப்பு இது என்று ஒருவரையொருவர் கேட்டிருக்காது. மூன்றாண்டுகளுக்கு முன்பு நாளிதழ்களைப் படித்து அழுத மக்கள் இப்போது சிரித்தார்கள். காயம் தழும்பாகத் தொடங்குவதன் அடையாளம் அது.

அதே பகுதியில், இறைநிந்தனையானது எனக் கருதப்பட்ட ஒரு திரைப்படத்தை எதிர்த்துப் போராடுமாறு ஆயர் டெட்டுக்கும் டூகலுக்கும் கட்டளையிடுகிறார். அவர்கள் திரையரங்கு வாயிலில் அட்டைகளைப் பிடித்து நிற்கின்றனர். இத்தகைய காரியம் ஒழிக என்று ஒன்று. கவனமாக இருங்கள் என்று மற்றொன்று. எந்தக் காரியம், எதில் கவனம் என்பது அவர்களுக்கே தெரியாது. விளைவாக, எவரும் பொருட்படுத்தாமல் போயிருக்கக்கூடிய படத்திற்குக் கூட்டம் அலைமோதுகிறது. அயர்லாந்தில் 1929ஆம் ஆண்டின் நூல் தணிக்கைச் சட்டத்தால் அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர் பலரின் நூல்கள் தடைசெய்யப்பட்டன. 'லைஃப் ஆஃப் பிரையன்' என்னும் படம் 1979 முதல் 1987 வரை அங்குத் தடையில் இருந்தது. அரை நூற்றாண்டுத் தணிக்கை வரலாற்றை இரண்டு அட்டைகளில் எழுதிவிட்டனர் இந்நகைச்சுவையாளர்.

1985 கோடையில் கார்க் மாவட்டத்துப் பாலின்ஸ்பிட்டில் கிராமத்துக் கெபியில் அன்னை மரியாவின் சுரூபம் அசைந்ததாகச் செய்தி பரவ, பல்லாயிரம் பேர் இரவுகளில் அங்குக் கூடிச் செபமாலை செபித்தனர். நாட்டின் பல பகுதிகளிலும் அதுபோன்ற செய்திகள் எழுந்தன. வேலையின்மையும் புலம்பெயர்தலும் மக்களை வாட்டிய ஆண்டுகள் அவை. தொடரில் டெட், தம் வீட்டுச் சுவரின் அடிப்பலகையில் ஆயரின் முகச்சாயல் தோன்றியிருப்பதாகச் சொல்லி அவரை வரவழைக்கிறார். புனிதர் முகம் தோன்றினால் திருத்தலம்; ஆயர் முகம் தோன்றினால் என்ன செய்வது?

மற்றொரு பகுதியில், கிராகி தீவிலுள்ள புனிதக் கல் ஒன்றை இரண்டாம் நிலைத் திருப்பண்டமாக உயர்த்துவதற்கு ஆயர் மூவர் வருகின்றனர். புனிதரின் உடற்பகுதி முதல் நிலை, அவர் பயன்படுத்திய பொருள் இரண்டாம் நிலை என்னும் பழைய பாகுபாடு நம் வாசகர் பலரும் அறிந்ததே. ஒரு திருப்பண்டம் பதவி உயர்வு பெறும் அரசு ஊழியர் போல் நிலை மாற முடியாது என்பதில்தான் நகைச்சுவை அடங்கியுள்ளது. ஞானோபதேசத்தை வினா விடையாக மனப்பாடம் செய்த மக்களுக்கே அது விளங்கும். அதே பகுதியில் டூகல் குழந்தை போல் கேட்கும் எளிய கேள்விகளுக்கு விடை சொல்ல முயன்ற ஆயர் ஒருவர், முடிவில் தம் நம்பிக்கையையே இழந்து வெளியேறுகிறார். விடையை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கேள்வி புதிதாக வந்தால் என்ன நேரும் என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்லும் மறைக்கல்விக் கட்டுரை ஒன்றை நாம் படித்ததில்லை.

பாட்டும் தேநீரும்

சமயம் மட்டுமே இத்தொடரின் உள்ளுறை என்று கருதலாகாது. யூரோவிஷன் பாடற்போட்டியில் அயர்லாந்து 1992, 1993, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. வென்ற நாடே அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தவேண்டும் என்பதால், செலவுக்கு அஞ்சி வேண்டுமென்றே தோற்கும் பாடலை அனுப்புகிறார்கள் என்று மக்கள் கேலி பேசினர். 1996 ஏப்ரலில் வந்த பகுதியில் டெட்டும் டூகலும் ஒரு குதிரையைப் பற்றி எழுதிய பரிதாபமான பாடல் நாட்டின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரு மதிப்பெண்கூடப் பெறாமல் தோற்கிறது. அடுத்த மாதமே உண்மையான போட்டியில் அயர்லாந்து மீண்டும் வென்றது!

1959இல் தொடங்கிய 'டிரலியின் ரோஜா' என்னும் விழாவில் ஐரிஷ் வழிவந்த இளம்பெண்கள் பண்பும் பாட்டும் காட்டிப் பட்டம் பெறுவர். தொடரில் அது 'அழகான பெண்கள்' போட்டியாகி, டெட் அதன் நடுவராகிறார். அதே பகுதியில் வரும் துணிச்சலான பாடகி, ஷினேட் ஓகானரை நினைவூட்டுபவர். 1992 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் திருத்தந்தையின் படத்தைக் கிழித்து, சிறார் வன்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். அன்று உலகமே அவரை இகழ்ந்தது. தொடரும் அவரைக் கேலி செய்தது. 2023 ஜூலையில் அவர் மறைந்தபோது, அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்று அந்நாடு துயரத்தோடு ஒப்புக்கொண்டது. நகைச்சுவையாளரின் கண்ணும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை.

குருமனையின் பணிப்பெண் திருமதி டாயிலை மறந்து இத்தொடரைப் பேச இயலாது. வருவோர் போவோர் அனைவரையும் தேநீர் அருந்துமாறு அவர் வற்புறுத்தும் விதம் சிரிப்பூட்டும். கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில் டெட் அவருக்குத் தேநீர் தயாரிக்கும் இயந்திரத்தைப் பரிசளிக்கிறார். அந்த உழைப்பின் துயரம் இனி உமக்கில்லை என்று சொல்லப்பட்டதும் அவர் முகம் வாடுகிறது. அந்தத் துயரம்தான் அவருக்கென்று இருந்த ஒரே உடைமை. பெண் இல்லத்தில் ஆற்றும் பணியைத் தன் 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே போற்றிய நாடு அது. மணமான பெண்ணை அரசுப்பணியிலிருந்து விலக்கும் விதியை 1973 வரை வைத்திருந்ததும் அதே நாடுதான். எத்தனையோ குருமனைகளைத் தாங்கி நின்ற பெயரற்ற கைகளைத் திருமதி டாயில் நினைவூட்டுகிறார்.

பிறிதொரு பகுதியில் டூகல் ஓட்டும் பால்வண்டியில் வெடிகுண்டு வைக்கப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்தால் வெடித்துவிடும். 1994இல் வெளிவந்த 'ஸ்பீட்' என்னும் ஹாலிவுட் படத்தின் கேலி இது. கூடிய குருக்களோ ஓடும் வண்டியின் பக்கத்திலேயே வேறொரு வாகனத்தில் திருப்பலி நிறைவேற்றுகின்றனர். அது முடிந்தும் ஆபத்து நீங்காதபோது, இன்னொரு திருப்பலி வைக்கலாமா என்கிறார் ஒருவர். குருக்களாகிய நம்மால் இதைக் கண்டு சிரிக்காமலும் இருக்க முடியாது. சிரித்து முடித்ததும் சிந்திக்காமலும் இருக்க முடியாது. திருப்பலிக்கு மேலான செபம் இல்லை. ஆயினும் எழுந்து செய்யவேண்டிய செயலைத் தள்ளிப்போடும் மறைவிடமாக வழிபாடு ஆகிவிடலாகாது என்று இறைவாக்கினர்கள் அன்றே இடித்துரைக்கவில்லையா?

சிரிப்பு தொடாத இடம்

ஒரு நகைச்சுவை எதைச் சுட்டியது என்பதைப் போலவே, எதன் அருகே நெருங்காமல் விலகிச் சென்றது என்பதும் வரலாற்றுச் சான்றே. 1993இல் டப்ளின் டிரம்காண்டிராவில் துறவற இல்லமொன்றின் நிலம் விற்கப்பட்டபோது, அங்கிருந்த சலவைக்கூடத்தில் உழைத்து மாண்ட 150க்கும் மேற்பட்ட பெண்களின் உடல் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. மக்தலேனா சலவைக்கூடங்கள் எனப்பட்ட அவ்வில்லங்களில் கடைசியானது 1996 அக்டோபரில் மூடப்பட்டது. தொடர் ஒளிபரப்பாகிக் கொண்டிருந்த காலம்தான் அது. எனினும் சலவைக்கூடத்துப் பெண்களோ, தொழிற்பள்ளிகளில் அடியுண்ட சிறுவர்களோ இத்தொடரின் கதைப்பொருள் ஆகவில்லை.

இதை எழுத்தாளர்களின் குறையாக நாம் கூறவில்லை. எல்லாரும் அறிந்ததை மட்டுமே குறிப்பால் உணர்த்த முடியும். ஆயருக்கு மகன் உண்டு என்பது 1995இல் நாடறிந்த செய்தி. சிறார் இல்லங்களின் முழுக்கொடுமை 2009 மேயில் ரையன் அறிக்கை வந்த பின்னரே நாட்டின் பொது அறிவாயிற்று. சலவைக்கூடப் பெண்களிடம் ஐரிஷ் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2013 பிப்ரவரியில். ஆயர் கேசி 2017இல் மறைந்து கால்வே பேராலய நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். 2024இல் வெளிவந்த தொலைக்காட்சி ஆவணப்படமோ, சிறுமியராக இருந்தபோது தங்களிடம் அவர் வன்கொடுமை புரிந்ததாகப் பெண்கள் சிலர் கூறிய குற்றச்சாட்டுகளை வெளிக்கொணர்ந்தது. நாடு எந்தப் பாவத்தை எண்ணிச் சிரித்ததோ அதற்கு அடியில், சிரிக்கவே இயலாத ஒன்று இருந்ததாகச் சொல்லப்பட்டது. சிரிப்பு திறந்தது வெளிவாயிலை மட்டுமே. உள்ளறைகளைத் திறப்பதற்குப் பாதிக்கப்பட்டோரின் கண்ணீரும் துணிவும் தேவைப்பட்டன.

நாத்தானின் வழி

திருச்சபையைக் கேலி செய்யும் படைப்பைக் கண்டால் நம்மில் பலர் உடனே சினம் கொள்வதுண்டு. மனம் நொந்த இறைமக்களின் உணர்வை நாம் மதிக்கிறோம். ஆயினும் தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் சென்ற விதத்தை எண்ணிப் பார்ப்போம். அவர் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். அரசரே தீர்ப்பளித்தார், பின்னரே அக்கதை தம்மைப் பற்றியது என உணர்ந்தார். உள்ளுறையின் ஆற்றல் அதுதான். நேரே சொன்னால் மூடிக்கொள்ளும் செவி, கதையாகச் சொன்னால் திறந்துகொள்கிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டையும் நகைச்சுவையையும் அளவோடு பேணுவதை ஒரு நற்பண்பாகவே வகுத்தார். தாந்தே தம் காவியத்தில் திருத்தந்தையரையே நரகத்தில் நிறுத்தினார். அதற்காகத் திருச்சபை அவரை இழந்துவிடவில்லை.

மேலும் 'ஃபாதர் டெட்' பகைவரின் சிரிப்பு அன்று. குருமனையின் வாடிய சோபாவையும், ஆலயக் கூரையைச் செப்பனிட நடத்தும் குலுக்கல் சீட்டையும், திருத்தலப் பயணத்தில் குருக்கள் அடிக்கும் அரட்டையையும் உள்ளிருந்து பார்த்தவர்களே அப்படி எழுத முடியும். வெளியாள் எறிவது கல். வீட்டுப்பிள்ளை செய்வது கேலி. டெட்டாக நடித்த டெர்மட் மோர்கன், மூன்றாம் பருவத்தின் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே, 1998 பிப்ரவரி 28 அன்று, 45 வயதில் மாரடைப்பால் காலமானார். வாழ்நாளெல்லாம் குருக்களைக் கேலி செய்த அவருக்கு டப்ளின் மவுண்ட் மெரியன் புனித தெரேசா ஆலயத்தில் இறுதித் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. வீட்டார் வீட்டாரை வழியனுப்பினர்.

2007 முதல் இத்தொடரின் அன்பர்கள் அரன் தீவில் விழா எடுத்து வந்துள்ளனர். அந்த இரு அட்டைகளின் வாசகங்கள் பல நாடுகளின் உண்மையான போராட்டங்களிலும் தலைகாட்டியிருக்கின்றன. ஆனால் 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது வந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரே. அந்நாட்டில் வளர்ந்துவரும் தலைமுறைக்கு இரண்டாம் நிலைத் திருப்பண்டம் என்றால் என்ன, இறந்தோருக்கான செபம் எது என்று விளக்கிய பின்னரே அந்த நகைச்சுவை புரியும் நிலை உருவாகி வருகிறது. விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு எவரும் சிரிப்பதில்லை.

இங்குதான் நமக்குரிய பாடம் இருக்கிறது என்று கருதுகிறோம். ஒரு மக்கள் தங்கள் ஆயரையும் குருவையும் கேலி செய்கிறார்கள் என்றால், அவர்களுக்குச் செபங்கள் தெரியும், திருவிழாக்கள் தெரியும், நம் நடையும் பேச்சும் தெரியும். இன்னும் அவர்கள் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கேலியில் உண்மையின் முனை குத்துமாயின், தணிக்கையை நாடாமல் தாவீதைப் போல் செவிகொடுப்பதே அறிவுடைமை. அயர்லாந்தின் மேய்ப்பர்கள் 1995இல் அந்தச் சிரிப்பை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எதற்காக அனுப்பப்பட்டார்கள் என்று தாங்களே வெளிப்படையாக விசாரித்திருந்தால், பாதிக்கப்பட்ட பலர் இன்னும் பதினான்கு ஆண்டுகள் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது.

நம் பங்குகளிலும் மக்கள் சிரிக்கிறார்கள். அன்பியக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியிலும், திருவிழாப் பந்தலின் பின்புறத்திலும் அந்தச் சிரிப்பு கேட்கும். அது எதைப் பற்றியது என்று கேட்டறியும் துணிவு மேய்ப்பர்களாகிய நமக்கு வேண்டும். அதைவிட, மக்கள் நம்மைப் பற்றிப் பேசவும் மறந்து சிரிக்கவும் மறந்துவிடும் நாளே நாம் அஞ்சவேண்டிய நாளாகும்.